இத்தாலியச் சிற்றூரில் ஓய்வுக்காலம்: தோடியா, சம்பூக்காவா, பெலீஞா பள்ளத்தாக்கா?

இத்தாலி அரசு 2019 ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் ஒரு வரிச்சலுகை, வெளிநாட்டு ஓய்வூதியம் பெறுவோரின் பார்வையை அந்நாட்டின் தெற்குச் சிற்றூர்களின் பக்கம் திருப்பியிருக்கிறது. சிசிலி, சார்தீனியா, கலாப்ரியா, கம்பானியா, பசிலிக்காத்தா, பூலியா, மொலீசே, அப்ருட்சோ ஆகிய எட்டுப் பிராந்தியங்களில், சட்டம் வந்தபோது வகுத்த கணக்கின்படி 20,000 பேருக்கு மேற்படாத ஊரொன்றில் குடியேறும் ஓய்வூதியர், தம்முடைய வெளிநாட்டு வருமானம் முழுவதற்கும் 7 வீத வரி மட்டும் கட்டினால் போதும். மத்திய இத்தாலியில் நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட சில சிற்றூர்களும் இந்தப் பட்டியலில் உண்டு. இதனோடு ‘ஒரு யூரோவுக்கு வீடு’ என்ற செய்தியும் சேர்ந்துகொள்ள, 1980களில் இளைஞராக ஐரோப்பாவுக்கு வந்து இப்போது ஓய்வுபெறும் வயதை எட்டியிருக்கும் நம்மவர் சிலரும் இத்தாலியின் வரைபடத்தை விரித்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

இங்கே நான்கு இடங்களை ஒப்பிட எடுத்துக்கொள்கிறேன்: உம்பிரியாவின் தோடி, சிசிலியின் சம்பூக்கா, பூலியாவின் சிஸ்தெர்னீனோ, அப்ருட்சோவில் சுல்மோனாவைச் சுற்றியுள்ள பெலீஞா பள்ளத்தாக்கு. நிலக்காட்சி, உணவு, கோவில் மணியோசை ஆகியவற்றில் எந்த ஊரும் மற்றதற்குக் குறைந்ததல்ல; ஆகவே அவற்றை அளவுகோலாகக் கொள்வதில் பயனில்லை. வீடு பார்க்கப் போவது 65 வயதில் ஓர் இணையராக. ஆனால் அந்த வீட்டில் இருக்கப்போவது 82 வயதில், பெரும்பாலும் இருவரில் ஒருவர் மட்டுமாக. அந்த ஒருவர், கார் ஓட்ட முடியாத காலத்தில், மருந்தகத்துக்கும் வைத்தியரிடமும் எப்படிப் போய்வருவார் என்பதே நான் எல்லா ஊர்களிலும் கேட்கும் கேள்வி.

ஊருக்குள் போகுமுன் எந்தக் கடவுச்சீட்டோடு போகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாட்டவருக்கும் சுவிஸ் குடியுரிமை பெற்றவருக்கும் விசா தேவையில்லை. போதிய வருமானமும் மருத்துவக் காப்புறுதியும் இருப்பதைக் காட்டி நகரசபையில் பதிந்துகொள்ளலாம். சுவிஸில் சி வகை எனப்படும் நிரந்தர வதிவிட அனுமதியோடு இலங்கைக் கடவுச்சீட்டை வைத்திருப்பவருக்கு இந்த உரிமை இல்லை. அதோடு, முன்கூட்டியே விண்ணப்பித்து நீடித்துக்கொள்ளாவிட்டால் ஆறு மாதம் வெளிநாட்டில் இருந்ததும் அந்த அனுமதியும் கைவிட்டுப் போகும். இந்தியர், இலங்கையர், கனடியர், பிரெக்சிற்றுக்குப் பின் பிரித்தானியர் ஆகிய எல்லோருக்கும் உள்ள வழி ‘விருப்ப வதிவிட விசா’ ஒன்றுதான். அதற்குத் தனியொருவர் ஆண்டுக்கு ஏறக்குறைய 31,000 யூரோ, உழைத்துப் பெறும் சம்பளமாக அல்லாமல் ஓய்வூதியம், வாடகை, முதலீடு போன்ற வழிகளில் தமக்கு வருவதைக் காட்ட வேண்டும்; வாழ்க்கைத்துணைக்கு அதில் ஐந்திலொரு பங்கு கூடுதலாக வேண்டும். யூரோ ஒன்றுக்கு நூறு இந்திய ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே அது ஆண்டுக்கு 31 இலட்சம் ரூபாய். குடியிருக்க வீடு இருப்பதற்கான உறுதியோ வாடகை ஒப்பந்தமோ விண்ணப்பிக்கும்போதே கையில் இருக்க வேண்டும். இத்தாலியில் எந்த வேலையும் செய்யக்கூடாது. வந்திறங்கி எட்டு வேலை நாட்களுக்குள் தபால் நிலையம் வழியாக வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்தது, எல்லை தாண்டும்போது நின்றுவிடும் பணம். இதைப் பலர் கவனிப்பதில்லை. சுவிஸின் ஏ.எச்.வி. என்ற அரச ஓய்வூதியம் இத்தாலிக்கும் வரும்; ஆனால் அது போதாதவர்களுக்குக் கிடைக்கும் குறைநிரப்புக் கொடுப்பனவு சுவிஸில் வசிப்போருக்கு மட்டுமே உரியது. முழு ஏ.எச்.வி. பெற 44 ஆண்டுகள் பங்களித்திருக்க வேண்டும். 24 வயதில் வந்தவருக்கு மூன்று ஆண்டுகளேனும் குறையும். வந்த பின் வேலை அனுமதிக்காகக் காத்திருந்து, பிறகு உணவகத்திலும் துப்புரவுப் பணியிலும் குறைந்த சம்பளத்துக்கு உழைத்தவரின் தொகை இன்னும் சிறியது. குறைநிரப்புக் கொடுப்பனவில் தங்கியிருக்கும் அப்படிப்பட்டவர், இத்தாலியில் வாடகை மலிவு என்று எண்ணிப் போனால் வருமானத்தின் ஒரு பெரிய பகுதியை இழப்பார். கனடாவின் உத்தரவாத வருமான உதவியும், நாட்டுக்கு வெளியே ஆறு மாதம் கடந்ததும் நிறுத்தப்படும். குறைந்த வருமான ஓய்வூதியருக்குப் பிரித்தானியா தரும் ‘பென்ஷன் கிரெடிட்’ என்ற கொடுப்பனவும் கடல் கடப்பதில்லை. பிரித்தானிய அரச ஓய்வூதியம் மட்டும், ஆண்டுதோறும் உயரும் உயர்வோடு சேர்ந்தே இத்தாலிக்கு வருகிறது.

இனி வரி. ஆண்டுக்கு 30,000 யூரோ ஓய்வூதியம் பெறும் ஒருவர் 7 வீத முறையில் 2,100 யூரோ கட்டுவார். வழமையான முறையில் முதல் 28,000 யூரோவுக்கு 23 வீதம், அதற்கு மேல் இன்னும் உயர்ந்த வீதம், அதன்மேல் பிராந்திய வரியும் நகரசபை வரியும் என்று, கழிவுகள் போகவும் 6,000 யூரோவைத் தாண்டும். வித்தியாசம் பெரியதுதான். ஆனால் யாருக்கு? சுவிஸின் ஏ.எச்.வி.யையும் தொழில்சார் ஓய்வூதியத்தையும் இத்தாலி தனியாக 5 வீத வரிக்கு உட்படுத்துகிறது. அது தெற்கு, வடக்கு என்ற பேதமின்றி எந்த ஊருக்கும் பொருந்தும். எனவே சுவிஸ் ஓய்வூதியம் ஒன்றையே நம்பியிருப்பவர் 7 வீதத்துக்காகத் தெற்கைத் தேடிப்போக வேண்டியதில்லை. தோடியிலும் அவருக்கு அதே வரிதான். இந்திய அரசுப் பணியின் ஓய்வூதியமும், இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கையின்படி, பொதுவாக இந்தியாவிலேயே வரிக்கு உட்படும். 7 வீதம் உண்மையில் கைகொடுப்பது பிரித்தானிய, கனடியத் தனியார் ஓய்வூதியங்களோடு வட்டி, வாடகை, பங்கு இலாபம் ஆகியவற்றையும் பெறுவோருக்கே.

அச்சலுகைக்குள் மறைந்திருக்கும் இரு நிபந்தனைகளும் ஊர்த் தெரிவைப் பாதிப்பவை. முதலாவது, அது நிரந்தரமானதல்ல: தெரிவு செய்த ஆண்டும் அதைத் தொடரும் ஒன்பது ஆண்டுகளுமாக மொத்தம் பத்து ஆண்டுகளே. 66 வயதில் தொடங்கியவருக்கு 76 வயதில் முடிந்துவிடும். வீட்டோடு தங்கிப் பராமரிக்க ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கும் காலம் தொடங்கும் அதே வேளையில் வழமையான வரி வந்து கதவைத் தட்டும். இரண்டாவது, தகுதியுள்ள ஊரைவிட்டுத் தகுதியில்லாத ஊருக்கு மாறினால் சலுகையும் போய்விடும். உடல்நிலை கருதி 72 வயதில் பெருநகரமொன்றின் அருகே குடிபெயர நேர்ந்தால், அதற்கு வரியாகவும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

மருத்துவத்தைப் பொறுத்தவரை இத்தாலியின் தேசிய சுகாதார சேவை நல்ல பெயர் பெற்றது. ஆனால் அதன் தரம் வடக்கிலிருந்து தெற்கே போகப்போகக் குறைகிறது என்பதை இத்தாலியரே ஒப்புக்கொள்வார்கள். கலாப்ரியா பிராந்தியம் 2022 ஆம் ஆண்டு இறுதியில் வைத்தியர் பற்றாக்குறையைச் சமாளிக்கக் கியூபாவிலிருந்து வைத்தியர்களை வரவழைத்தது. சுவிஸ் ஓய்வூதியர், குடிபெயர்ந்து மூன்று மாதங்களுக்குள் சுவிஸ் காப்புறுதியைத் தொடர்வதா இத்தாலிய முறைக்கு மாறுவதா என்று தெரிவு செய்யலாம். பிரித்தானிய அரச ஓய்வூதியரின் செலவை எஸ் 1 என்ற படிவத்தின் மூலம் பிரித்தானியாவே ஏற்கும். விருப்ப வதிவிட விசாவில் வருவோர் தாமாகச் சேர்ந்து சந்தா கட்ட வேண்டும். முன்பு ஆண்டுக்கு 387 யூரோவாக இருந்த அதன் குறைந்தபட்சத் தொகை 2024 முதல் 2,000 யூரோவாக உயர்ந்துவிட்டது. பழைய தொகையை நம்பிக் கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள் அதைத் திருத்திக்கொள்வது நல்லது.

தோடி என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு இராகம்தான் நினைவுக்கு வரும். ஊர் தைபர் நதிப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, ஏறக்குறைய 400 மீற்றர் உயரத்தில், மூன்று சுற்று மதில்களுக்குள் இருக்கிறது. மக்கள்தொகை 15,000 அளவில். அமெரிக்கச் சிற்பி பெவர்லி பெப்பர் இங்கே பல ஆண்டுகள் வாழ்ந்து 2020 ஆம் ஆண்டு மறைந்தார். அவரைப் போல வந்து தங்கிய வெளிநாட்டவர் பலரால் ஊர் புதியவரை ஏற்கப் பழகியிருக்கிறது, வீட்டு விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கிறது. மலை அடிவாரக் கார் தரிப்பிடத்திலிருந்து மேலே வரச் சரிவு மின்தூக்கி உண்டு. வைத்தியசாலை நகரசபை எல்லைக்குள்ளேயே பான்தல்லாவில் இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குப் பெரூஜா ஏறக்குறைய 45 கிலோமீற்றர். மொழி படிக்க விரும்புவோருக்கு இன்னொரு வசதி, வெளிநாட்டவருக்கென்றே இத்தாலிய மொழி கற்பிக்கும் பல்கலைக்கழகம் பெரூஜாவில் இருப்பது. மொழித் தேர்ச்சியில் நீண்டகால வதிவிட அனுமதிக்கு ஏ 2 என்ற அடிப்படை நிலையும் குடியுரிமைக்கு பி 1 என்ற இடைநிலையும் கேட்கும் நாட்டில் இதைச் சாதாரணமாக எண்ணிவிட முடியாது. குறை என்றால் பணம்தான்: 7 வீதச் சலுகை இங்கே இல்லை, வீடும் மலிவில்லை.

சம்பூக்கா இதற்கு நேர்மாறு. அரபியர் ஆண்ட காலத்தில் தோன்றி, அக்காலத்து ஒடுங்கிய ஒழுங்கைகளை இன்னும் வைத்திருக்கும் இவ்வூர், அக்ரிஜெந்தோ மாவட்டத்தில் 6,000 பேருக்கும் குறைவாக வாழும் இடம். 1968 ஆம் ஆண்டு பெலிச்சே பள்ளத்தாக்கை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் கைவிடப்பட்டு நகரசபையின் வசமான வீடுகளில் 16 ஐ, 2019 ஆம் ஆண்டு ஒரு யூரோ ஆரம்ப விலையில் ஏலத்துக்கு விட்டபோதுதான் உலகப் பத்திரிகைகள் இதன் பெயரை அறிந்தன. ஏலம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரு யூரோ என்பது தொடக்க விலை மட்டுமே. விற்ற விலை ஆயிரத்திலிருந்து 25,000 யூரோ வரை போனது. வாங்கியவர் 5,000 யூரோ பிணைப்பணம் வைத்து, மூன்று ஆண்டுகளுக்குள் வீட்டைத் திருத்தி முடிக்க வேண்டும். கூரையும் சுவரும் மட்டும் மிஞ்சிய வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக்கப் பல பத்தாயிரம் யூரோ ஆகும். அதற்கு மேல் வரைபடம் வரைந்து அனுமதி எடுத்துத் தரும் நில அளவையாளருக்கும் நொத்தாரிசுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

சம்பூக்காவில் விற்பவர் நகரசபை என்பதால் உரித்துத் தெளிவாக இருந்தது. இதைப் பார்த்துப் பின்தொடர்ந்த வேறு ஊர்களில் ஒரே வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு வாரிசுகள், அவர்களில் பாதிப் பேர் ஆர்ஜெந்தீனாவிலும் அமெரிக்காவிலும் இருப்பது சாதாரணம். யாழ்ப்பாணத்தில் பூர்வீகக் காணியைப் பிரிக்க முயன்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தியரும் இலங்கையரும் இன்னொன்றையும் முதலிலேயே நொத்தாரிசிடம் கேட்க வேண்டும். இத்தாலியச் சட்டம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர் சொத்து வாங்குவதை, அவருடைய நாட்டில் இத்தாலியருக்கு அதே உரிமை உண்டா என்பதோடு பிணைத்திருக்கிறது. சில வகை வதிவிட அனுமதி வைத்திருப்போருக்கு இந்தச் சோதனை இல்லை.

82 வயதுக்காரரின் கேள்வியைச் சம்பூக்காவில் கேட்டால் விடை சங்கடமானது. தொடருந்து இல்லை. வைத்தியசாலை ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவில் சியாக்காவில். 2024 ஆம் ஆண்டின் வறட்சியில் அக்ரிஜெந்தோ மாவட்டத்தில் குழாய்த் தண்ணீர் முறை வைத்து விடப்பட்டது. மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி இல்லாத வீட்டை அங்கே எவரும் பொருட்படுத்துவதில்லை. ஐரோப்பாவில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையான 48.8 பாகை செல்சியஸ், 2021 ஓகஸ்ட் 11 அன்று இதே தீவின் சிராகூசா பகுதியில் பதிவானது.

ஆயினும் சிசிலியை எளிதில் தள்ளிவிட முடியாததற்கு நமக்கென்று ஒரு காரணம் உண்டு: பலெர்மோ. 1980களிலிருந்து வீட்டுப் பணிக்கும் முதியோர் பராமரிப்புக்கும் வந்து தங்கிய இலங்கைத் தமிழர் சமூகமொன்று அந்நகரில் வேரூன்றியிருக்கிறது. நகரின் காவல் புனிதையான ரொசாலியாவின் குகைக்கோவிலுக்கு, பெல்லெக்ரீனோ மலையேறி, கிறிஸ்தவத் தமிழரோடு இந்துத் தமிழரும் செல்கிறார்கள். பலெர்மோக்காரருக்கு அது பழகிய காட்சி. துணையை இழந்த பின் தமிழில் பேச ஓர் ஆளாவது வேண்டும் என்று எண்ணுபவருக்கு, எண்பது கிலோமீற்றருக்குள் அப்படியொரு சமூகம் இருப்பதைச் சம்பூக்காவின் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். நியாயமாகப் பார்த்தால் அந்தக் காரணம் பலெர்மோவின் ஓரத்துச் சிற்றூர் எதற்கும் பொருந்தும். அந்த மலிவு வீட்டுக்கு மட்டும் உரியதல்ல.

சிஸ்தெர்னீனோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இத்ரியா பள்ளத்தாக்கின் வெள்ளைச் சுவர் ஊர்களில் ஒன்று. மக்கள்தொகை 12,000க்குள் என்பதால் 7 வீதத்துக்குத் தகுதியுண்டு. பிரிந்திசி விமான நிலையமும், ஒஸ்தூனி, மார்த்தினா பிராங்கா ஊர்களின் வைத்தியசாலைகளும் அருகே உள்ளன. மாலையில் இறைச்சிக்கடையிலேயே இறைச்சியைத் தெரிந்து, அங்கேயே சுட்டுச் சாப்பிடும் வழக்கத்துக்குப் பெயர்போன இந்த ஊரின் வெளிப்புறத்தில்தான், புகைப்படக் கலைஞர் லிசெத்தா கார்மி 1979 ஆம் ஆண்டு நிறுவிய போலே பாபா ஆச்சிரமம் இருக்கிறது என்பது ஒரு வேடிக்கை. கோடையில் சுற்றுலாப் பயணிகளால் நிரம்பி, வீட்டு விலையும் வாடகையும் மற்றத் தென்னூர்களைவிட ஏறியிருப்பதால், ஆண்டு முழுவதற்குமான வாடகை வீடு கிடைப்பதே முதல் சிக்கல். கையில் பணம் உள்ளவருக்கு இது நல்ல ஊர்.

அப்ருட்சோவின் சுல்மோனா, உரோமையும் பெஸ்காராவையும் இணைக்கும் தொடருந்துப் பாதையில், மலைகள் சூழ்ந்த பெலீஞா பள்ளத்தாக்கில் இருக்கிறது. இலத்தீன் கவிஞர் ஓவிட் கி.மு. 43 இல் பிறந்த ஊர். திருமணங்களில் கொடுக்கும் சர்க்கரை பூசிய பாதாம் மிட்டாய் செய்யும் ஊர். நம் சமையலுக்கு இதைவிடப் பொருத்தமாக, சிவப்புப் பூண்டுக்குப் புகழ்பெற்ற ஊர். வைத்தியசாலை ஊருக்குள்ளேயே உண்டு. ஆனால் மக்கள்தொகை 20,000 ஐச் சற்றே தாண்டுவதால், அந்த எல்லைக்கோட்டில் 7 வீதச் சலுகைக்கு வெளியே நின்றது. சட்டத்தின் வரம்புகள் ஏற்கெனவே மாற்றப்பட்டிருப்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் ஒப்பீடு சுவையாகிறது. சுல்மோனாவிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்குள் பிராத்தோலா பெலீஞா என்ற ஊர் இருக்கிறது: மக்கள்தொகை 20,000 க்கு வெகு கீழே, சொந்தத் தொடருந்து நிலையம், நெடுஞ்சாலையின் நுழைவாயில் அருகே, உரோமைக்குப் பேருந்து. சலுகை இங்கே, வைத்தியசாலை அங்கே, இடையில் சமதரை. படங்களில் வரும் ஊர் அல்ல இது. அதனால்தான் வாடகை இன்னும் சில நூறு யூரோவில் நிற்கிறது.

குறைகளை மறைக்கக்கூடாது. குளிர்காலத்தில் உறைபனி விழும், வெப்பமூட்டும் செலவு உண்டு. தெற்கு இத்தாலி என்றதும் எலுமிச்சை மரத்தை நினைப்பவர் ஏமாந்து போவார். அதைவிடப் பெரியது நிலநடுக்கம். சுல்மோனா இத்தாலியின் நில அதிர்வு வகைப்பாட்டில் மிக அபாயமான முதலாம் வலயத்தில் இருக்கிறது. 2009 ஏப்ரல் 6 அன்று 309 பேரைப் பலிகொண்ட நிலநடுக்கம் தாக்கிய லாக்குவிலா நகரம் அதே மாவட்டத்தின் தலைநகர். இதற்கு என் விடை, பழைய நகரின் கல்வீட்டை விட்டுவிட்டு, நிலையத்துக்கு அருகே பிற்காலத்தில் கட்டிய கொங்கிரீற்றுத் தொடர்மாடியில், மின்தூக்கியுள்ள ஒரு வீட்டைப் பார்ப்பது. பார்க்க அழகற்ற கட்டடம்தான். ஆனால் மருந்தகம், தபால் நிலையம், பேரங்காடி, பேருந்துத் தரிப்பிடம் எல்லாம் அந்தச் சமதரையில்தான் இருக்கின்றன. ஊரின் சொந்த முதியவர்களும் படிக்கட்டுகளை விட்டிறங்கி அங்கேதான் குடிவருகிறார்கள். தோடியிலும் இதே விதிதான்: மதிலுக்குள் இருக்கும் மூன்றாம் மாடி வீட்டைவிட அடிவாரத்து வீடு மேல்.

கார் இல்லாத வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு முதுமை மட்டும் காரணமல்ல. சுவிஸ், பிரித்தானியச் சாரதி அனுமதிப் பத்திரங்களை இத்தாலியப் பத்திரமாக மாற்றிக்கொள்ளலாம். இந்திய, கனடியப் பத்திரங்களை மாற்ற முடியாது. வதிவிடம் பதிந்த ஓராண்டுக்குப் பின் அவை செல்லாது, முதலிலிருந்து தேர்வெழுத வேண்டும். அந்த எழுத்துத் தேர்வு ஆங்கிலத்தில் இல்லை. நாற்பது ஆண்டுகள் கார் ஓட்டியவர் 67 வயதில் இத்தாலிய மொழியில் போக்குவரத்து விதிகளைப் படிக்க உட்காருவதை யோசித்துப் பாருங்கள். சம்பூக்காவில் அந்தத் தேர்வில் தேறாதவர் வீட்டுக் கைதியாகிவிடுவார், பிராத்தோலாவில் அப்படியில்லை.

பேச விரும்பாத விடயமொன்றும் இருக்கிறது. இந்துக்களாகிய நம்மில் பெரும்பாலோர் தகனத்தையே விரும்புவோம். இத்தாலியில் தகனத்துக்குத் தடையில்லை; அஸ்தியை வீட்டில் வைக்கவும் கரைக்கவும் 2001 ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் தகனசாலைகள் வடக்கில்தான் அதிகம், தெற்கில் குறைவு. பலெர்மோவின் ரொத்தோலி மயானத்தில் இடமில்லாமலும் தகனசாலை இயங்காமலும் நூற்றுக்கணக்கான பெட்டிகள் மாதக்கணக்கில் காத்துக்கிடந்த செய்தி சில ஆண்டுகளுக்கு முன் இத்தாலி முழுவதையும் சங்கடப்படுத்தியது. தெரிவு செய்யும் ஊரிலிருந்து அடுத்த தகனசாலை எத்தனை கிலோமீற்றர் என்பதையும் வைத்தியசாலைத் தூரத்தோடு சேர்த்தே குறித்துக்கொள்வது நலம்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில், சுவிஸ் ஓய்வூதியம் ஒன்றே வருமானமாக உள்ள, ஓரளவு சேமிப்புமுள்ள இணையருக்குத் தோடியின் அடிவாரமே பொருத்தம் என்பது என் கணிப்பு. வரி வித்தியாசம் இல்லாதபோது நல்ல மருத்துவத்தையும் மொழிப் பள்ளியையும் விட்டுவிட்டுத் தெற்கே போகக் காரணமில்லை. பிரித்தானியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ தனியார் ஓய்வூதியத்தோடு வருபவருக்குப் பிராத்தோலா. சம்பூக்காவின் ஏல வீட்டை, ஆண்டில் இரண்டு மாதம் போய்த் தங்கும் பொழுதுபோக்காகக் கொள்வோருக்கு விட்டுவிடலாம். ஓய்வூதியத்தோடு குறைநிரப்புக் கொடுப்பனவும் பெறுபவர் எந்த ஊருக்கும் போகாமல் இருப்பதே நல்லது.

எதை வாங்குவதற்கும் முன், இத்தாலியச் சட்டம் அனுமதிக்கும் 18 மாதம் வரையான இடைக்கால வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வீட்டை எடுத்து, நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே இருந்து பார்க்க வேண்டும். சுற்றுலாப் பயணிகள் போய், கடைகள் பாதி மூடி, மாலை ஐந்து மணிக்கே இருட்டும் மாதங்கள் அவை. அந்த மாதங்களில் ஒரு நாள் காரைத் தொடாமல், பிராத்தோலாவிலிருந்து சுல்மோனா வைத்தியசாலைக்குப் பேருந்தில் போய், இரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நின்று, பேருந்திலேயே திரும்பி வந்து, எத்தனை மணி நேரம் எடுத்தது என்பதை எழுதிவைத்த பின்னர் நொத்தாரிசிடம் நேரம் கேட்கலாம்.